நாத்தனார் திட்டாத நாட்கள்

1959 மே 4, திங்கள்

அக்கினி நட்சத்திரம் இன்று தொடக்கம். காலையிலேயே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை.

வேலைகள்: சேலைகள் ஊறவைக்க. புதுப் பானை ஒன்று வாங்க. பள்ளி திறந்ததும் கொடுக்க வேண்டிய பாடக் குறிப்பு (தொடவே இல்லை).

நாத்தனார் பங்குனியில் மறுபடி இந்த வீட்டுக்கு வந்தாள். இனி நா. என்று எழுதுகிறேன், முழுதாக எழுதினால் மைக்குக் கேடு. இவருக்கு அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் உண்டு. போன வருஷம் மார்பில் புற்று என்று ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். ஆறிவிட்டது. இப்போது இடுப்பிலும் முதுகிலும் வலி. திரும்பிப் படுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இன்றைய திட்டுகள்: காப்பி தண்ணீராக இருக்கிறது. தலையணை உறை நாறுகிறது. "டீச்சரம்மாவுக்குக் கோடு போட்ட நோட்டுல எழுதத் தெரியும். ரசம் வெக்கத் தெரியாது." எதிர்வீட்டுத் தனம் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாக.

எலும்புக்கு வலு ஏற்ற வேண்டும் என்று குடும்பமே திரண்டு நிற்கிறது. காலையும் மாலையும் சொம்பு நிறையப் பால். கேழ்வரகுக் கூழ். முள்ளோடு வறுத்த நெத்திலி. தெருக்கோடிக் கம்பவுண்டர் வந்து கால்சியம் ஊசி போட்டுவிட்டுப் போகிறார். இவருடைய தங்கை கனகம் வைத்திக்குப்பத்திலிருந்து சுறா எண்ணெய் கொண்டு வருகிறாள். மீன் வியாபாரக் குடும்பம். சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கும் அந்த எண்ணெய்க்கு அடங்காத நோய் இவர்களுக்குக் கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், கால் ஒடிந்தவனுக்கும் அதுதான். என் புடவையெல்லாம் அந்த வாடை. நா. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். உடனே வெற்றிலை. சுண்ணாம்பைச் சந்தனம் பூசுகிற மாதிரி பூசிக்கொள்கிறாள்.

தாகம் வேறு. பானை தீர்ந்துகொண்டே இருக்கிறது. வெயில் என்கிறார் இவர். எனக்கும்தான் வெயில்.

மே 7, வியாழன்

காற்றே இல்லை. நா.வுக்கு நீர் பிரிந்துகொண்டே இருக்கிறது. பாயும் போர்வையும் மாற்றி மாற்றி என் கை தோல் உரிந்துவிட்டது. தனம் வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னாள்: சர்க்கரை. அதைக் கேட்ட கனகம் மேல் தீர்ப்பு:

"தண்ணி குடுக்கக் குடுக்கத்தான அண்ணி நீராப் போவுது? மொதல்ல பானையத் தூக்கி உள்ள வெய்ங்க."

இவர் தூக்கி வைத்தார். தங்கை சொன்னால் மட்டும் இவருக்குக் கை கால் எல்லாம் வேலை செய்யும். பாலுக்குத் தடை இல்லை. எண்ணெய்க்கும் இல்லை.

நா. போட்ட சத்தம் நெல்லித்தோப்பு முழுவதும் கேட்டிருக்கும். "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத பாவி!" என்னை. சொன்னது தங்கை, தூக்கியது தம்பி, பாவி நான்.

திருட்டுத்தனமாக ஒரு லோட்டா கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பாவி என்றவளுக்கு எதற்கு. (இந்த வரியை அடிக்கலாமா? இருக்கட்டும்.)

மலச்சிக்கல். விளக்கெண்ணெய்க்கும் அசையவில்லை.

மே 9, சனி

வாந்தி. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் மட்டும் கனகம் மடியில் சாய்த்து ஊட்டினாள். "எங்கக்கா எப்படி இருந்தவ" என்று அழுகை. எப்படி இருந்தவள் என்று என்னைக் கேட்கட்டும்.

கனகத்தின் நிச்சயதார்த்தம் இதே கூடத்தில் நடந்தது. அன்று காலை கடலூரிலிருந்து ஒரு ஆள் வந்தான். என் அப்பா போய்விட்டார் என்று சொல்ல வந்தவன். நா. அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் உட்கார வைத்து, இலை போட்டு, தட்டு மாற்றி முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் அந்த ஆளுக்குச் சாம்பார் பரிமாறினேன். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. யாரோ கூச்சக்காரன் என்று நினைத்தேன். சாயங்காலம் சொன்னார்கள். நான் கடலூர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிக் குளித்துவிட்டிருந்தார்கள்.

இதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நா. ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அவளிடமிருந்து வர வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதை வாங்காமல் அவளை விடுவதாக இல்லை.

மே 11, திங்கள்

இன்று திட்டவில்லை.

காப்பி கொட்டிப் போயிற்று. பயந்துகொண்டே பார்த்தேன். சிரித்தாள். "உடு கண்ணு."

கண்ணு!

மே 12, செவ்வாய்

இன்றும் இல்லை. பகலெல்லாம் தூக்கம். எழுப்பினால் விழிக்கிறாள், இனிமையாக ஏதோ சொல்கிறாள், மறுபடி தூக்கம். தனம் பார்க்க வந்தாள். அவளிடம் நா. சொன்னது: "எந் தம்பி பொண்டாட்டி மாதிரி ஒருத்தி உண்டாடி? தங்கம்." தனம் என்னைப் பார்த்த பார்வை! மருந்தில் ஏதோ கலந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

பிறகு கவர்னர் மாளிகையில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டானா என்று கேட்டாள். இறக்கி வருஷங்கள் ஆயிற்று. இவரைப் பார்த்து அவளுடைய புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா மனசு பழுத்துப் போச்சு. கடைசிக் காலத்துல எல்லாத்தையும் உட்டுட்டா." கனகம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். கூடம் முழுவதும் நிம்மதி. எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. இந்தப் பெண்பிள்ளையோடு நான் மல்லுக்கட்டி வாழ்ந்திருக்கிறேன். இவள் பழுக்கிற ஜாதி இல்லை. கெட்டுப்போனால்தான் உண்டு.

இவரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம் என்று.

"என்னாத்துக்கு? அக்கா ஒன்ன நல்லா பேசுறது ஒனக்கே பொறுக்கலியா?"

பொறுக்கவில்லைதான். அது வேறு விஷயம்.

மே 13, புதன்

துணி மாற்றும்போது என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை காய்ந்த சருகு. "ஒங்கப்பா சாவுக்கு ஒன்ன அனுப்பாம வெச்சிட்டனே. மன்னிச்சிக்கடி கண்ணு."

கேட்டுவிட்டாள். நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அடுத்த மூச்சில் என்னைக் "கனகம்" என்று கூப்பிட்டு, படகு வந்துவிட்டதா என்றாள்.

வேண்டாம். இந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். யாரிடம் பேசுகிறோம் என்றே தெரியாதவள் கேட்கிற மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னைத் திட்டுகிற அந்த நா. வந்து சொல்லட்டும்.

யாரிடமும் சொல்லாமல் ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு அறுவை செய்த தொக்தேரைப் பார்த்தேன். வயதானவர், பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். டாக்டரைப் பிரெஞ்சில் தொக்தேர் என்றே இங்கே கூப்பிடுகிறோம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "அவங்க என்ன திட்டவே இல்லீங்க தொக்தேர்" என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வரிசையாகக் கேட்டார். தாகமா? நீர் அதிகமா? மலம் கட்டுகிறதா? வாந்தி? பகலில் தூக்கமா? எல்லாவற்றுக்கும் ஆமாம். என்ன சாப்பிடுகிறாள் என்றார். பால், கூழ், நெத்திலி, சுறா எண்ணெய், ஊசி, வெற்றிலை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. இப்பவே."

இவரோடு சண்டை. கூட்டி வந்தோம். ரத்தம் எடுத்தார்கள்.

மே 15, வெள்ளி

ரத்த முடிவு வந்தது. தொக்தேர் எங்களை நிற்க வைத்தே சொன்னார். அவர் சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது. எலும்பை அரிக்கிறது. அரித்த சுண்ணாம்புச் சத்து எல்லாம் ரத்தத்தில் சேருகிறது. ரத்தத்தில் அது ஏறினால் தாகம், நீராகப் போகும், மலம் கட்டும், வாந்தி, கடைசியில் புத்தி கலங்கும். இன்னும் ஏறினால் மயக்கம், அப்புறம் இதயம் நின்றுவிடும்.

"நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? எலும்பு போவுதுன்னு மேல மேல சுண்ணாம்பா ஏத்தியிருக்கீங்க. அத வெளிய கொண்டு போறது தண்ணி. அத நிறுத்தியிருக்கீங்க."

இவர் தரையைப் பார்த்தார். நானும்தான். அந்த லோட்டாத் தண்ணீர்.

நிறுத்த வேண்டியவை: பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு நெத்திலி, சுறா எண்ணெய் (அது சுண்ணாம்பை உடம்பில் இழுத்துச் சேர்க்குமாம்), கால்சியம் ஊசி, வெற்றிலைச் சுண்ணாம்பு. கொடுக்க வேண்டியது: தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கையில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏறுகிறது. கார்ட்டிசோன் என்று புது மாத்திரை, மதராஸிலிருந்து வரவழைத்தது.

ஆக, அந்தக் "கண்ணு", அந்தத் "தங்கம்", எல்லாம் சுண்ணாம்பு. எனக்குத் தெரியும் என்று இவரிடம் சொல்லிக் காட்ட வேண்டும் போல இருந்தது. சொல்லிக் காட்டினேன்.

மே 18, திங்கள்

நா. இன்னும் தூக்கத்தில். முனகல் மட்டும்.

கனகம் தூக்குப் போணியில் பால் கொண்டு வந்தாள். தொக்தேர் இல்லாத நேரம் பார்த்து. நான் கட்டிலுக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளுங்க அண்ணி. அக்கா வாய் காஞ்சி கெடக்குது."

"தண்ணி குடுக்குறேன். பால் கூடாது."

"பால் கூடாதா? ஒலகத்துல எந்த நோவுக்குப் பால் ஆவாது? ஒங்களுக்கும் அக்காவுக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். பால நிறுத்தச் சொன்னது தொக்தேரா, நீங்களா?"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "கொஞ்சமா ஒரு வாய் குடுத்தா என்ன?" என்றார். தொக்தேர் சொன்னதைக் காதால் கேட்ட மனுஷன்!

போணியைப் பிடுங்கினேன். கீழே கொட்டினால் அதற்கும் ஒரு பாவம் சொல்வாள். அதனால் நானே குடித்தேன். நின்றபடி, மடக் மடக்கென்று, கடைசிச் சொட்டு வரை. ஆடை உதட்டில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா! நோயாளி பாலப் புடுங்கிக் குடிக்கிறா!"

நர்சாக இருக்கும் கன்னியாஸ்திரீ, எல்லோரும் மாசேர் என்கிறார்கள், ஓடி வந்து கனகத்தை வெளியே அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் வைத்திக்குப்பம் முழுவதும் நான் பால் திருடி. வீட்டுக்கு வந்து அழுதேன். எரிச்சலில்தான்.

மே 21, வியாழன்

காலையில் தலையணையைச் சரி செய்தேன். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள்.

"இந்த ஒறைய நீ தொவைக்கவே மாட்டியாடி?"

ஆஸ்பத்திரி உறை அது. சொல்லவில்லை. நேராகத் தொக்தேர் அறைக்கு ஓடினேன். "திட்டிட்டாங்க!" அவர் எழுந்து வந்துவிட்டார். ரத்தத்திலும் சுண்ணாம்பு இறங்கியிருக்கிறதாம்.

மத்தியானத்துக்குள் சாப்பாடு, மாசேரின் தமிழ், என் கொண்டை மூன்றையும் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டாள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. இதற்காகவா ஓடினேன்?

மே 23, சனி

நா. உட்கார்ந்தாள். கனகமும் இவரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும். கனகம் ஏற்பாடு செய்துவிட்டாளாம்: வைத்திக்குப்பத்துக்கு அழைத்துப் போகிறாளாம். கடற்காற்றாம். பாலும் புட்டுமாகக் கொடுத்து மாதம் திரும்புவதற்குள் நடக்க வைத்துவிடுவாளாம்.

போனால் செத்துப்போவாள். அன்போடு கொல்வார்கள். நான் சொன்னால் நேர்மாறாகத்தான் நடக்கும்.

நா. என்னைக் கேட்டாள். "எம் பால நீ குடிச்சியாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

தொக்தேர் சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னேன். எலும்பு, சுண்ணாம்பு, தண்ணீர். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கனகம் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பால் ஊத்த ஒனக்கு அவ்ளோ அவசரமாடி?"

கனகம் ஓவென்று அழுதாள். நா. அசையவில்லை.

"நான் இவ வூட்டுக்கே போறன். ஒங்கிட்ட அழுது கேட்டா நீ எண்ண, பாலு எல்லாம் குடுத்துடுவ. இவளுக்கு என்னக் கண்டாலே ஆவாது. நான் செத்தாலும் குடுக்க மாட்டா."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா?

மே 30, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. புறப்படும்போது தொக்தேர் என்னைத் தனியே கூப்பிட்டார். எலும்பில் இருக்கிற புற்றை எடுக்க முடியாது. சுண்ணாம்பு மறுபடி ஏறும். எப்போது என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஏறும்போது இறக்க முடியாமல் போகும். "அவங்க திட்டறத நிறுத்தினா ஒடனே வாங்கம்மா. எங்கள விட ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்."

இவரிடம் சொன்னேன். கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். அழட்டும்.

நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். இரக்கம் வரவில்லை. அவள் என்னை ஏமாற்றிவிட்டுப் போகப் போகிறாள் என்ற கோபம்தான் வந்தது. அப்பா விஷயம் அப்படியே கிடக்கிறது.

பானை மறுபடி கூடத்தில், அவள் கைக்கெட்டும் இடத்தில். சுண்ணாம்பு டப்பா என் பெட்டியில், பூட்டி.

ஜூன் 3, புதன்

திட்டு: சரளம். வெறும் வெற்றிலையை மெல்ல "நான் ஆடா மாடா?" என்கிறாள். பூட்டை உடைக்கச் சொல்லி இவரை ஏவினாள். இவர் சுத்தியலைத் தேடியதைக் கண்ணால் பார்த்தேன்.

நேராகவே கேட்டுவிட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்னா சொன்னன்?"

"எங்கப்பா விஷயமா. மன்னிச்சிக்கன்னு."

"நானா? ஒங்கிட்டயா?" சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "புத்தி இல்லாதப்ப ஒளறுனத எல்லாம் புடிச்சிக்கிட்டுத் தொங்காத. போயி ஒலைய வெய்யி."

உலையை வைத்தேன். சோறு குழைந்துவிட்டது. வேண்டுமென்று குழைத்தேன் என்றாள். இல்லை. ஆனால் வருத்தமும் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. பகலில் தனம் பார்த்துக்கொள்கிறாள், தண்ணீர் கொடுப்பதற்கு மட்டும். திரும்பி வந்ததும் நான். மழை வரும்போல் மூட்டம், வரவில்லை.

சாயங்காலம் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி இன்று அதிகம். கொஞ்ச நேரமாகத் திட்டே இல்லை. அப்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. திடீரென்று சொன்னாள், மேலே ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு:

"அந்த ஆள நான் தெரிஞ்சிதான் ஒக்கார வெச்சன். சாவு சேதி வந்த வூடுன்னு மாப்ள வூட்டுல எழுந்து போயிடுவாங்கன்னு பயம். நீ அவனுக்குச் சாம்பார் ஊத்துன. பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். தப்புதான்."

குரல் மெதுவாக இருந்தது. சாம்பார் என்பது வரை ஞாபகமாகச் சொன்னாள். ஆனால் நல்லவிதமாகச் சொன்னாள். நா. நல்லவிதமாகச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியுமே.

இருட்டுமுன் தொக்தேர் வீட்டுக்கு ஓடினேன்.

ஜூன் 10, புதன்

பள்ளிக்கு லீவு. தொக்தேர் அனுப்பிய ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனான். நா. கையைக் கொடுக்க மறுத்தாள். "எதுக்குடி இப்ப?" சொல்லவில்லை. பிடித்துக்கொண்டேன். முறைத்தாள். பிறகு எதுவுமே பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டல் மட்டும். ஏறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. இவர் கனகத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றார். நாளை வரை பொறுங்கள் என்றேன்.

நான் சாப்பிடவில்லை. பசி இல்லை.

ஜூன் 11, வியாழன்

நானே போய் முடிவு வாங்கினேன். தொக்தேர் மறுபடி மறுபடி பார்த்தார். ஏறவில்லை. போன தடவையைவிட இம்மியும் கூடவில்லை. அவங்க புத்தி ஒங்க புத்தி மாதிரி தெளிவா இருக்கு என்றார்.

வழியெல்லாம் கோபம். முதலில் அவள் மீது. இத்தனை வருஷம் கழித்து, சாகப்போகிற நேரத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு என் மீது. வார்த்தை வந்த அன்று அதை ஊசி குத்திப் பரிசோதனைக்கு அனுப்பியவள் நான்.

வீட்டுக்குள் போனேன். கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"ரத்தத்துல என்னா வந்துது?"

"ஏறல."

"எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் சந்தேகம்."

நின்றேன்.

"சொன்னது காதுல வுழுந்துதா, இல்லியா?"

"வுழுந்துது."

"மன்னிச்சியா?"

"இல்ல."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பின்ன என்னாத்துக்கு மரமாட்டம் நிக்கிற? தண்ணியக் குடு."

கொடுத்தேன். வெந்நீராக இருக்கிறதாம். முழுதும் குடித்துவிட்டு ஏசினாள்.